இன்னொரு தடவை சொல்லு கண்ணு

"போயிட்டு வர்றேன்" என்று தைரியமாகச் சொன்னாள் நிறைமதி.

கதவு திறக்கவில்லை.

வழக்கமாக அந்தச் சொல் வாயைவிட்டு முழுசாக வெளியே வருவதற்குள் தாழ்ப்பாள் விலகிவிடும். நிலைக்கு மேலே பொட்டு அளவில் இருக்கிற விளக்கு பச்சையாகும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பேசுவதுபோல ஒரு குரல், "போயிட்டு வா கண்ணு" என்று வழியனுப்பும். இன்று விளக்கு மஞ்சளிலேயே நின்றது. கட்டைப்பையின் பிடி மதியின் விரலிலிருந்து வழுக்கியது.

"இன்னொரு தடவை சொல்லு கண்ணு" என்றது கதவு.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாமியார் சாந்தாமணி குழாயை மூடினார். வீடு அமைதியானது.

இரண்டாவது தடவையும் கதவுக்குத் திருப்தி வராவிட்டால் என்ன ஆகும் என்று செங்காந்தள் என்கிளேவ் குடியிருப்பில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பூட்டு இறுகிக்கொள்ளும். கணவனின் போன் அலறும். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் வீட்டு எண்ணோடு 'திரும்பும் எண்ணம் குறைவு' என்று செய்தி விழும். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு, வீட்டு ஆண்கள் யாராவது போனில் சம்மதம் கொடுத்தால்தான் அவள் வாசலைத் தாண்ட முடியும். சி பிளாக்கில் ஒருத்திக்கு அப்படி ஆகி, அவள் இன்னும் பால்கனியில் நின்றுதான் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"போ... போயிட்டு வர்றனுங்க" என்றாள் மதி. குரல் பாதியில் உடைந்தது. கதவிடம் யாராவது மரியாதை கொடுத்துப் பேசுவார்களா? அவள் பேசினாள்.

பச்சை. "போயிட்டு வா கண்ணு."

அன்று அவள் காய் வாங்கப் போவதாகத்தான் சொல்லியிருந்தாள். மனசுக்குள் வைத்திருந்தது காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு. லிஃப்டில் இறங்கும்போதே தைரியம் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டாவது ஒன்றாவது என்று கால் கிலோ வெண்டைக்காயை வாங்கிக்கொண்டு மரியாதையாக வீடு திரும்பினாள். கதவுக்கு மனசு தெரிகிறது, இனி இந்த ஜென்மத்தில் தப்பிக்க வழியில்லை என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கதவின் பெயர் 'துணை'. பெயர் வைத்தவனுக்குக் குறும்பு அதிகமா, விவரம் போதாதா என்று தெரியவில்லை. எங்கேயோ ஒரு ஊரில் கல்லூரிக்குப் போன பெண்ணொருத்தி வீடு திரும்பவே இல்லை. பெற்றவர்கள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. அந்தக் கலக்கத்தின் மீதுதான் ஒரு கம்பெனி இந்தக் கதவை விற்றது. பயந்தவர்களிடம் எதை வேண்டுமானாலும் விற்கலாம். நம் வீட்டுப் பெண் வாசலில் நின்று சொல்லும் அந்த ஒரு வாக்கியம் மெய்யா பொய்யா என்று துணை கண்டுபிடித்துவிடும், பிறகு நீங்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று விளம்பரம் சொன்னது. ஆண்களுக்கு இந்தச் சோதனை கிடையாது. அவர்கள் எங்கே சொல்லிக்கொண்டு போகிறார்கள்? வண்டிச் சாவியை எடுக்கிற சத்தம் போதும், கதவு திறந்துவிடும்.

மதி கடல்நீர் பற்றிப் படித்தவள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, "பொண்ணு எந்த வேலைக்கு வேணும்னாலும் போவட்டும், எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க" என்று சொல்லித்தான் பஜ்ஜியைச் சாப்பிட்டார்கள். கல்யாணம் முடிந்ததும் வீடு செட்டாகட்டும் என்றார்கள். வீடு செட்டானதும் ஒரு குழந்தை ஆகட்டும் என்றார்கள். குழந்தை ஆகவில்லை. ஆகவில்லையென்றால் விட்டுவிட வேண்டியதுதானே? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

அவள் கணவன் பிரகதீஷ் பம்ப்செட் கம்பெனியில் மேனேஜர். குரலை உயர்த்த மாட்டான், கை நீட்ட மாட்டான், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவான். ஊரே அவனை நல்லவன் என்றது. அந்த நல்லவனிடம் மதி ஒருநாள் வாய்திறந்து சொன்னாள்.

"எனக்கு இப்ப வேண்டாங்க. எப்ப வேணும்னு எனக்கே தோணும்போது பாத்துக்கலாம்."

"உனக்குத் தோணறப்பவா?" அவன் சிரித்தான். "எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு மதி. ரெண்டு குடும்பமும் காத்துட்டு இருக்கு. கொஞ்சம் அனுசரிச்சுப் போ."

தாராபுரத்தில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தாள். அவரும் அதையேதான் சொன்னார், கூடவே செல்லமாக ஒரு 'சாமி' சேர்த்து. "அனுசரிச்சுப் போ சாமி." கொடுமைக்காரனாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். நல்லவனுக்கு எதிராக யாரிடம் போய் முறையிடுவது? போலீசுக்குப் போகலாம்தான். போவதற்கு வாசல் திறக்க வேண்டுமே.

ஊசிகள் போட்டாயிற்று. கருமுட்டை எடுத்தாயிற்று. கையெழுத்துப் போட்டதும் அவள்தான், இரண்டு குடும்பமும் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தபோது. வருகிற வெள்ளிக்கிழமை கருவை உள்ளே வைக்கப்போகிறார்கள். அன்றைக்கே துணையில் 'கர்ப்பிணிப் பாதுகாப்பு' என்று ஒன்றைப் போட்டுவிடுவார்கள். பிரசவம் வரைக்கும் தனியாக வெளியே போக முடியாது. பிரசவத்துக்குப் பிறகு பூட்டே தேவைப்படாது. தொட்டிலில் பிள்ளை கிடக்கும்போது எந்தப் பெண் 'போயிட்டு வர்றேன்' என்று பொய் சொல்வாள்?

மஞ்சள் விளக்கு எரிந்த நாளிலிருந்து சாந்தாமணி அவளைத் தனியாகச் சந்தைக்கு விடவில்லை. கூடவே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை, திட்டவில்லை.

உழவர் சந்தையில் மாமியார் அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, தக்காளிக் கடையில் மதியின் தோளோரம் ஒருத்தி வந்து நின்றாள். கல்லூரித் தோழி ஜெசிந்தா. இவளை எப்படியாவது பார்த்தே தீருவது என்று தினமும் அந்தச் சந்தையைச் சுற்றிக்கொண்டிருந்தவள்.

"திரும்பாத. தக்காளியப் பாத்துக்கிட்டே பேசு" என்றாள் ஜெசிந்தா. "நான் உன் பேருல போட்ட மனு ஓகே ஆயிருச்சு. ஆராய்ச்சிக் கப்பல், ரெண்டு வருஷம். வெள்ளிக்கிழமை மத்தியானம் தூத்துக்குடியில இருந்து கிளம்புது."

மதியின் கையிலிருந்த தக்காளி நசுங்கியது. "வெள்ளிக்கிழமைதான் ஆஸ்பத்திரி."

"அப்ப இப்பவே வந்துடேன். வண்டி வெளிய நிக்குது."

மதி கடைக்கண்ணால் பார்த்தாள். அவரைக்காயைக் கையில் வைத்தபடி சாந்தாமணி இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "முடியாது. அத்தை பாக்கறாங்க. ஜெசி, நீ அந்தத் துணைக் கம்பெனியிலதானே வேலை பாத்தே? அதை எப்படி ஏமாத்தறது? பொய் சொன்னாக் கண்டுபிடிக்குதே!"

"பொய்யக் கண்டுபிடிக்குதுன்னு எழுதினது விளம்பரக்காரன். அது எதைக் கண்டுபிடிக்குதுன்னு செஞ்ச எங்களுக்கே தெரியாது."

"தெரியாதா?"

"ஆயிரக்கணக்கான பொண்ணுங்க வாசல்ல நின்னு சொன்னதைப் பதிவு பண்ணினோம். சாயங்காலம் வீடு திரும்பினவங்க குரலை ஒரு பக்கம் போட்டோம். திரும்பாதவங்க குரலை இன்னொரு பக்கம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நாங்க சொல்லிக் குடுக்கல, மெஷின் தானாவே பிடிச்சுக்கிச்சு. பெரும்பாலும் சரியாச் சொல்லுது. அதுக்கு மேல யாரும் கேக்கல, நான் கேட்டதுக்கு வேலைய விட்டுப் போன்னாங்க." ஜெசிந்தா இரண்டு தக்காளியை எடுத்துக் கூடையில் போட்டாள். "வியாழக்கிழமை காலையில உங்க வீட்டுக்குக் கீழ ரோட்டோரமா நிப்பேன். அந்தக் கதவை மட்டும் தாண்டி வந்துரு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவள் போய்விட்டாள். சாந்தாமணி வந்து, "யாரு அது?" என்றார்.

"தெரியலீங்க அத்தை. தக்காளி விலை கேட்டாங்க."

சாந்தாமணி நசுங்கிய தக்காளியைப் பார்த்தார். பையை வாங்கிக்கொண்டார்.

அதற்கு மறுநாள் அந்த வீட்டில் ஒரு கூத்து நடந்தது. கூத்து என்று சிரித்தது குடியிருப்பு. மதிக்கு அது சிரிப்பாக இல்லை.

சாந்தாமணியின் பள்ளிக்கூடத் தோழிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பிடித்து வால்பாறைக்குப் போவதாக ஏற்பாடு. கணவர் இருந்தவரைக்கும் அவர் தனியாக எங்கேயும் போனதில்லை. கணவர் காலமான பிறகு மகனைக் கேட்டுக்கொண்டுதான் கோயிலுக்குக் கூடப் போனார். இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் முதல்நாளே சேலை எடுத்து வைத்திருந்தார். மாம்பழக் கலர். காலையில் தலைவாரும்போது அவர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார். இந்த அம்மாவுக்குப் பாடக்கூட வருமா என்று மதிக்கு ஆச்சரியமாக இருந்தது. கீழே வேன் ஹாரன் அடித்தது. சாந்தாமணி செருப்பை மாட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, "போயிட்டு வர்றேன்" என்றார்.

மஞ்சள்.

"இன்னொரு தடவை சொல்லு கண்ணு."

"அட, என்ன சாமி உனக்கு?" என்று சிரித்தார் சாந்தாமணி. கதவுக்குக் காது அடைத்துவிட்டது என்று நினைத்தவர்போல, இன்னும் சத்தமாக, இன்னும் சந்தோஷமாகச் சொன்னார். "போயிட்டு வர்றேன்!"

சிவப்பு. பூட்டு இறுகிய சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. அடுத்த நிமிஷமே பிரகதீஷின் குரல் போனில் வந்தது.

"அம்மா, எங்கம்மா கிளம்பிட்டே?"

"வால்பாறைக்குடா. நேத்தே சொன்னனே."

"குழுவுல போட்டுருச்சும்மா. உங்கம்மா இந்த வயசுல எங்க ஓடறாங்கன்னு நாலு பேரு போன் பண்ணிச் சிரிக்கறாங்க. மெஷின் தப்பா அடிச்சிருச்சுன்னு சொல்லி அந்த ஆறு மாசத் தடையை நான் எடுக்க வெச்சுக்கறேன். கதவையும் திறந்து விடறேன். ஆனா இப்பப் போனா நல்லாவா இருக்கும்?"

சாந்தாமணி செருப்பைக் கழற்றினார். "வேண்டாங் கண்ணு. எனக்கே முழங்கால் வலிக்குது" என்றார். அதுவரை அவருக்கு முழங்கால் வலித்ததே இல்லை. கீழே வேன் இன்னும் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவர் சேலையை மாற்றிக்கொண்டு வந்து பருப்பு வேகவைத்தார். மதிக்கு அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் கறிவேப்பிலை தீர்ந்திருந்தது. சாந்தாமணி வாசலில் போய் நின்றார். பிரம்புக்கு முன்னால் நிற்கிற பிள்ளையைப்போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். திரும்பவும் மானம் போய்விடுமோ என்கிற பயத்தில் குரல் எழும்பவில்லை.

"போயிட்டு... வர்றேன் சாமி."

பச்சை. யோசிக்கக்கூட இல்லை, அப்படியொரு வேகம். "போயிட்டு வா கண்ணு."

ஹாலில் நின்ற மதிக்குப் பொறி தட்டியது. காலையில் போய் மலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்ப இருந்தவர் இந்த அம்மா. அதில் பொய்யே கிடையாது. ஆனாலும் கதவு மறித்தது. அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டை மனசில் வைத்துக்கொண்டு மதி நின்றாள். அது முழுப் பொய். முதல் தடவை தைரியமாகச் சொன்னபோது மறித்தது, பயந்து நடுங்கிச் சொன்னபோது விட்டது.

அதற்கு மனசும் தெரியாது, மெய்யும் தெரியாது. வீடு திரும்பிய அந்த ஆயிரக்கணக்கான பெண்கள் அத்தனை பேரும் பயந்துகொண்டே வாசலைத் தாண்டியவர்கள். நேரமாகிவிடுமோ, யாராவது ஏதாவது சொல்வார்களோ, அடுப்பை அணைத்தோமா என்று பயந்தவர்கள். திரும்பாதவர்களின் குரலில் மட்டும் அந்தப் பயம் இல்லை. மெஷின் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். பயப்படுகிறவள் திரும்பி வருவாள். பயமில்லாதவளைப் பிடித்து நிறுத்து. செய்தவர்களுக்கு இது தெரியவில்லை என்றால், பெண் வாசலில் நிற்கும்போது வருகிற குரலே அப்படித்தான் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

கறிவேப்பிலையோடு திரும்பி வந்த சாந்தாமணி நிலைக்கு மேலிருந்த விளக்கை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மதியைப் பார்த்தார்.

மதிக்கு அன்றிரவு நல்ல தூக்கம். பயம்தான் சாவி என்றால் தன்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறதே என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை பிரகதீஷ் சாவியை எடுத்தான், போனான். சாந்தாமணி குளிக்கப் போயிருந்தார். சன்னல் வழியாகப் பார்த்தால் ரோட்டோரம் ஜெசிந்தாவின் வண்டி தெரிந்தது. மதி கட்டைப்பையில் ஒரு மாற்றுத்துணியை மட்டும் வைத்து மேலே ஒரு செய்தித்தாளைச் சுருட்டிப் போட்டாள். வாசலுக்கு வந்தாள். வாயைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

பயம் இல்லை.

தேடிப் பார்த்தாள். இத்தனை நாள் சோறு இறங்காமல், தூக்கம் வராமல் பயந்தவளுக்கு, பயம் தேவைப்பட்ட நேரத்தில் அது வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலை நினைத்துப் பார்த்தாள். கோபம் வந்தது. அப்பாவை நினைத்தாள். அதற்கும் கோபம்தான் வந்தது. மஞ்சள் விளக்கை நினைத்தால் சிரிப்பு வந்தது, இந்த முட்டாள் மெஷினுக்கா இவ்வளவு நாள் நடுங்கினோம் என்று. கடல் ஞாபகம் வேறு வந்து தொலைத்தது. நடித்துவிடலாம் என்று குரலைத் தாழ்த்தி, இழுத்து, "போயிட்டு வர்றேன்" என்றாள். நாடகத்தில் நடிக்கிறவள் குரல்போல இருந்தது அவளுக்கே.

"இன்னொரு தடவை சொல்லு கண்ணு."

இன்னும் ஒரே ஒரு தடவை. இது தவறினால் கப்பல் போய்விடும், நாளைக்குக் கட்டில், அதற்கப்புறம் தொட்டில். எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் தொண்டை நடுங்க மறுத்தது. செருமிப் பார்த்தாள். குரல் கல்லாக இருந்தது.

பின்னாலிருந்து ஈரக்கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பியது.

சாந்தாமணி. தலையில் சுற்றிய துண்டோடு, நெற்றியில் தண்ணீர் சொட்டச்சொட்ட நின்றார். அந்த முகத்தை மதி அப்படிப் பார்த்ததே இல்லை.

"எங்கடி கிளம்பிட்டே?"

"கடைக்குங்க அத்தை..."

"கடைக்கா? அந்தத் தக்காளிக்காரி கீழ வண்டியோட நிக்கறாளே, அந்தக் கடைக்கா?" பிடி இறுகியது. "பிரகதீஷுக்குப் போன் போட்டாச்சு. பாதி வழியில திரும்பி வந்துட்டிருக்கான். நாளைக்கு எதுக்கு, இன்னிக்கே வெச்சுரலாம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. உங்கப்பனும் தாராபுரத்துல பஸ் ஏறிட்டாரு. நீ வரமாட்டேன்னா ரெண்டு பேருமாத் தூக்கிட்டுப் போவாங்க. உன்னைக் கையக் காலக் கட்டிப் படுக்க வெச்சாலும் ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, தெரியுமல்ல? நான் படுக்கலியா? என்னை எவ கேட்டா?"

மதியின் கையிலிருந்து கட்டைப்பை நழுவி விழுந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டில் இப்போது நினைப்பாக இல்லை, முதுகுக்குக் கீழே குளிர்ந்துகொண்டு நிஜமாகவே கிடந்தது. "அத்தை, வேண்டாங்க... அத்தை..."

"என்கிட்ட எதுக்குக் கெஞ்சறே? வாசல்ல நின்னுட்டு என்ன சொல்லணும்?" சாந்தாமணி அவளைக் கதவுப் பக்கம் உலுக்கித் திருப்பினார். "சொல்லுடி!"

"போ... போயிட்டு..." அழுகையில் சொல் மென்னியில் சிக்கிக்கொண்டது. "...வர்றனுங்க."

பச்சை. தாழ்ப்பாள் விலகியது. காற்று உள்ளே வந்தது.

"போயிட்டு வா கண்ணு" என்றது கதவு.

மதி புரியாமல் நின்றாள். மாமியாரின் தோளுக்கு மேலே, ஹாலின் மூலையில் அவருடைய போன் சார்ஜில் கிடப்பது தெரிந்தது. குளியலறையிலிருந்து வாசல் வரைக்கும் ஈரக் காலடி. ஹாலின் மூலைக்குப் போனதாக ஒரு தடம்கூட இல்லை. யாரையும் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

மணிக்கட்டிலிருந்து பிடி தளர்ந்தது. அங்கே சிவப்பாக விரல் பதிந்திருந்தது. சாயங்காலம் மகன் வருவான், குழுவில் செய்தி வரும், கேள்வி வரும். அதையெல்லாம் அந்தம்மா ஏற்கெனவே கேட்டு முடித்துவிட்டவர்போல நின்றார். கீழே விழுந்துகிடந்த கட்டைப்பையை எடுத்து மருமகளின் தோளில் மாட்டிவிட்டார். குனிந்து, கதவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"போ."

அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வழக்கமாக வருகிற இன்னொரு சொல்லுக்காக மதி ஒரு கணம் காத்து நின்றாள், பழக்கதோஷத்தில். அது வராது என்று புரிந்ததும் ஓடத் தொடங்கினாள்.